கார்பனுக்கு அண்டாக் கணக்கு ஆகாது

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் தங்கி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். கிளர்வுற்ற அணுக்கரு உடைவதைக் கணிக்க, ஆவியாதல் மாதிரியில் (சூடான கருவிலிருந்து துகள்கள் ஒவ்வொன்றாக வெளியேறுவதாகக் கொள்வது) ஒரு நிரல் எழுதினேன். தங்கம்-197க்கு 100 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றல் கொடுத்தால் நம்பும்படி விடை வருகிறது. கார்பன்-12க்கு 30 கொடுத்தால் ஆல்பா துகள்கள் மிகக் குறைவு. மட்ட அடர்த்தி எண்ணை (கருவின் ஆற்றல் மட்டங்கள் எவ்வளவு நெருக்கம் என்பதைக் குறிப்பது) மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: அதில் கை வைக்காதீர்கள். மாற்றிக்கொண்டே போனால் எங்காவது பொருந்தத்தான் செய்யும். ஏன் பொருந்தியது என்று கேட்டால்தான் பதில் இருக்காது.

மாசி வீதியில் பருத்திப்பால் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கரண்டி மொண்டால் அண்டாவுக்குத் தெரியாது. அதே கரண்டியை டம்ளரில் விட்டால் பாதி காலி. இயற்பியலாளர் வைஸ்கோப் 1937இல் தந்த ஆவியாதல் கணக்கு அண்டாவை நம்பி நிற்பது. ஒரு நியூட்ரான் போனாலும் கருவின் வெப்பநிலை பெரிதாக இறங்கக்கூடாது.

தங்கத்துக்குத் தாளில் போட்டுப் பாருங்கள். நிறை எண்ணை 8ஆல் வகுத்தால் மட்ட அடர்த்தி எண் சுமார் 24.6. 100ஐ அதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வெப்பநிலை 2 எம்.இ.வி. நியூட்ரானைப் பிரிக்க 8, அதன் இயக்க ஆற்றல் சராசரியாக வெப்பநிலையின் இரு மடங்கு, அதாவது 4, ஆக 12 போகும். மிச்சம் 88, வெப்பநிலை 1.9. அண்டா அப்படியே இருக்கிறது.

கார்பனுக்கு அந்த எண் 1.5, வெப்பநிலை 4.5. நியூட்ரானைப் பிய்க்கவே 18.7 வேண்டும், இயக்க ஆற்றலுக்குச் சூத்திரம் இன்னும் 9 கேட்கிறது. 30இல் மிஞ்சுவது 2 சொச்சம். இந்த டம்ளரில் வெப்பநிலை என்ற பேச்சே பொருந்தாது.

இங்கே ஃபெர்மி உடைவு மாதிரிக்கு மாறுங்கள். (மோதல்களில் மெசான்கள் என்ற துகள்கள் பிறப்பதைக் கணக்கிட ஃபெர்மி 1950இல் எழுதியதை அணுக்கருக்காரர்கள் பிறகு இரவல் வாங்கிக்கொண்டார்கள்.) கரு ஒரே வீச்சில் உடைவதாக வைத்து, உடையக்கூடிய வழிகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை இறுதிநிலைகள் என்று எடை போடுவதுதான் முறை. மூன்று ஆல்பாவாக உடைய 7.27 போதும்; 22.7 இயக்க ஆற்றலாகக் கிடைக்கும். இரண்டு துண்டு வழியின் எடை அந்த ஆற்றலின் வர்க்கமூலமாக ஏறும், மூன்று துண்டு வழியின் எடை வர்க்கமாகவே ஏறும். ஆற்றல் கூடக்கூட மூன்று துண்டு வழி வேகமாக முன்னேறுவது அதனால்தான்.

மாணவர் நிரல்களில் நான் முதலில் தேடுவது இரண்டு தவறுகளை. மூன்று ஆல்பாவும் ஒன்றேபோல இருப்பதால் எடையை 6ஆல் வகுக்க வேண்டும். மறந்தால் ஆல்பா அள்ளிக் கொட்டும். இன்னொன்று பெரிலியம்-8: ஓர் ஆல்பா போனபின் மிஞ்சும் அதை முழுத் துண்டாக எண்ணி விட்டுவிடுவார்கள். அது நிலைக்காது, இரண்டு ஆல்பாவாகிவிடும். உங்கள் ஆல்பாக்களில் பாதி அங்கேகூட ஒளிந்திருக்கலாம். இதை உங்கள் பழைய நிரலிலேயே இன்றைக்குப் பார்த்துவிடலாம்.

தங்கத்துக்கு 600 கொடுத்துப் பார்க்கும் ஆசை வந்தால், அது நியூக்ளியானுக்கு (கருவிலுள்ள ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 3 எம்.இ.வி. அந்த அளவில் கரு விரிந்து ஒரே நேரத்தில் பல துண்டாகச் சிதறத் தொடங்கும். அதற்குப் பல்துண்டுச் சிதறல் மாதிரி தனியாக இருக்கிறது.