ஒரே அட்டவணை, இரண்டு தேடல்: தனி சேர்வர் எதற்கு?

கேள்வி: ஹட்டனில் பார்சல் சேவை நடத்துகிறேன். வாடிக்கையாளர் விபரமெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரே அட்டவணையில் இருக்கிறது. ஆள் பெயர், தோட்டப் பெயருக்கு ஒரு தேடலும் முறைப்பாட்டுக் குறிப்புகளுக்கு இன்னொரு தேடலும் வேண்டும். ஓர் அட்டவணைக்கு ஒரு தேடல் இன்டெக்ஸ்தான் (வேகமாகத் தேட உதவும் சொல்லடைவு) போடலாம், மற்றதற்கு மாத வாடகையில் தனி சேர்வர் எடுங்கள் என்கிறார் மென்பொருள் செய்து தந்தவர். உண்மையா?

பதில்: இல்லை. போஸ்ட்கிரெஸில் தேவையான அளவு போடலாம். அவர் சொன்னது மொங்கோடிபி என்ற வேறொரு தரவுத்தளத்துக்குப் பொருந்தும். அங்கே ஒரு தொகுப்புக்கு (அட்டவணை மாதிரி) ஒரு சொல் தேடல் இன்டெக்ஸ்தான். ஆனால் அந்த ஒன்றுக்குள்ளேயே பெயர், தோட்டம், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்றும் சொல்லலாம். ஆக, அங்கேகூட உடனே தனி சேர்வருக்கு ஓட வேண்டியதில்லை.

நம் தேயிலைத் தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பெயர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டையும் ஆள் பெயரோடு சேர்த்து ‘சிம்பிள்’ முறையில் முதல் இன்டெக்ஸைப் போடுங்கள். அது சொல்லின் விகுதியை வெட்டாது. குறிப்புகளுக்கு ‘தமிழ்’ முறை. விகுதிகளைக் கழித்துத் தேடும். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அது போஸ்ட்கிரெஸோடு கூடவே வருகிறது.

சறுக்குவது இங்கேதான். இன்டெக்ஸில் ‘சிம்பிள்’ என்று எழுதிவிட்டு, தேடும் கட்டளையில் அதை விட்டுவிட்டால் இன்டெக்ஸ் சும்மா கிடக்கும். அட்டவணை முழுவதும் முதல் வரியிலிருந்து வாசிக்கப்படும். பிழை என்று ஒன்றும் வராது, நேரம்தான் இழுக்கும். ஒரு வரி எச்சரிக்கை போட்டால் போஸ்ட்கிரெஸுக்கு என்ன கேடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ‘பார்த்தீர்களா, சேர்வர் போதாது’ என்று சேர்வர் தரகர் வந்து நிற்பதும் சரியாக அப்போதுதான்.

இன்னொன்று. அட்மின் கடவுச்சொல் யார் கையில்? தோட்டங்களில் கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. கடவுச்சொல்லைப் பூட்டிவைத்துக் கடைக்காரரைக் கட்டிவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் இன்டெக்ஸ். அதையும் இரவு கடை சாத்திய பிறகு போடுங்கள். சாதாரணமாகப் போட்டால் முடியும்வரை புதுப் பதிவு ஏறாது.