ஆறாவது ரிசீவருக்கு ஓர் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-இல், 2022 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி, எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவரான டைரீக் ஹில்லை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்ததை இன்றும் என் மனம் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் 111 பந்துகளைப் பிடித்து 1,239 யார்டுகள் எடுத்த ஒருவரை எந்த அணியாவது விட்டுக்கொடுக்குமா? அந்த முடிவு சரிதானா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. மயாமிக்குச் சென்ற முதல் பருவத்தில் 1,710 யார்டுகளும் அடுத்த பருவத்தில் 1,799 யார்டுகளும் எடுத்தவரை, திறமை மங்கிவிட்டது என்று கருதி அனுப்பியதாக ஒருவரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அந்த முடிவு சரியானது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த மார்ச் மாதத்தில் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பாருங்கள். ஹில் விலகுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் கிரீன் பே அணியிலிருந்து லாஸ் வேகஸுக்கு மாறிய டவான்டே ஆடம்ஸ், ஐந்தாண்டுகளுக்கு 14 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தைப் பெற்றார். முன்னணி ரிசீவர்களின் விலை ஒரே நாளில் உயர்ந்தது. ஹில்லும் அதற்கு ஈடான தொகையை எதிர்பார்த்தார். மயாமி அவருக்கு நான்கு ஆண்டு நீட்டிப்பாக 12 கோடி டாலர் தந்தது. அந்த ஆண்டு ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாகச் சேர்த்துச் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 20.82 கோடி டாலர். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுடன் 2020-இலேயே பத்தாண்டு நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டிருந்த சீஃப்ஸ், இன்னொரு பெருந்தொகையையும் அந்த வரம்புக்குள் அடக்கியிருந்தால், அதன் சுமை தடுப்பாட்டத்தின் மீதும் மஹோம்ஸைக் காக்கும் பிளாக்கர்களின் மீதுமே விழுந்திருக்கும்.

ஹில்லுக்கு ஈடாக அந்த அணி ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை, அதாவது புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமைகளை, பெற்றது. அவற்றுள் 29-ஆவது வாய்ப்பையும் 121-ஆவது வாய்ப்பையும், தன்னிடம் ஏற்கெனவே இருந்த 94-ஆவது வாய்ப்பையும் சேர்த்துக் கொடுத்து, 21-ஆம் இடத்துக்கு முன்னேறி, எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்கான டிரென்ட் மெக்டஃபியைத் தேர்ந்தெடுத்தது. இரண்டே பருவங்களில் அவர் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். ஹில் இல்லாத அந்த 2022 பருவத்தில் சீஃப்ஸ் 496 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம் பெற்றது. மஹோம்ஸ் 5,250 யார்டுகள் எறிந்தார். பருவத்தின் முடிவில் பிலடெல்பியாவை 38–35 என்று வென்று, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையும் கைப்பற்றியது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த இறுதி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கடேரியஸ் டோனியும் ஸ்கை மூரும் பிடித்த இரண்டு டச் டவுன்களின்போதும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி பெறுவதே டச் டவுன்) அவர்கள் அருகில் எதிரணி வீரர் ஒருவரும் இல்லை. பந்து ஆட்டத்துக்கு வரும் முன்பே ரிசீவரை உள்நோக்கி நகர்த்தி, பின்பு சட்டென்று வெளியே திருப்பும் உத்தியால் பயிற்றுநர் ஆன்டி ரீட் அந்த வெற்றிடத்தை உண்டாக்கினார். அப்படிப்பட்ட பயிற்றுநரும் மஹோம்ஸைப் போன்ற குவார்ட்டர்பேக்கும் பந்து பிடிப்பதில் வல்லவரான டிராவிஸ் கெல்சியும் இருக்கும் அணிக்கு, விலையுயர்ந்த ரிசீவர் ஒருவர் இல்லாத குறையைத் தாங்கும் வலு உண்டு. இளம் குவார்ட்டர்பேக்கை வளர்த்துக்கொண்டிருக்கும் அணி இதைப் பின்பற்ற நினைத்தால் அவரைத் தனியாகத் தவிக்க விடுவதாகத்தான் முடியும்.

கேள்வி: ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களில் அபாரமாகப் பந்து பிடிக்கும் இளம் ரிசீவர்களை, பருவம் தொடங்கும் முன் நீக்கிவிடுகிறார்களே, ஏன்?

பதில்: கோடையில் 90 பேர் இருக்கும் அணி, ஆகஸ்ட் இறுதியில் 53 பேராகச் சுருங்க வேண்டும். அந்த 53-இல் ரிசீவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு இடங்களே ஒதுக்கப்படுகின்றன. முதல் மூன்று பேரைப் பற்றிப் பெரிய விவாதம் எழுவதில்லை: ஆட்டம் தொடங்கும் கோட்டின் மீது நின்று, எதிரே நெருங்கி நிற்கும் கார்னர்பேக்கைத் தாண்டிச் செல்பவர் ஒருவர், கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று நகர்ந்து ஓடுபவர் ஒருவர், உட்பக்கமாக ஸ்லாட் என்ற இடத்தில் ஆடுபவர் ஒருவர் என்று அவர்களின் வேலை தெளிவாக இருக்கும். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது இடங்களில்தான் உண்மையான போட்டி நடக்கிறது. அங்கே பந்து பிடிக்கும் திறமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றுவதில்லை.

ஆட்ட நாளில் 53 பேரில் அதிகபட்சம் 48 பேரே சீருடை அணிய முடியும். ஆகவே ஆறாவது ரிசீவராக வருபவர், பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் நீண்ட உதை) உதைக்கப்பட்டதும் ஓரத்திலிருந்து முதலில் பாய்ந்து சென்று, பந்தை ஏந்துபவரை வீழ்த்தத் தெரிந்தவராகவோ, தானே பன்ட்டை ஏந்தித் திரும்பி ஓடக் கூடியவராகவோ இருந்தாக வேண்டும். பயிற்சி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், எதிரணியின் கடைசி வரிசைக்கு எதிராக ஐந்து பந்துகளைப் பிடித்த இளைஞரைவிட, அதே இரவில் இரண்டு பன்ட்டுகளில் எதிரியை முதலில் தொட்டவர் தலைமைப் பயிற்றுநரின் கண்ணில் உயர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

நீக்கப்பட்டவருக்கு எல்லாக் கதவும் அடைபடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு பருவங்கள் நிறைவு செய்யாத வீரர், வேவர் என்ற முறைப்படி மற்ற 31 அணிகளின் முன் வைக்கப்படுகிறார்; சென்ற பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கே அவரைக் கேட்பதில் முன்னுரிமை. ஒருவரும் கேட்காவிட்டால், 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் பழைய அணியே அவரைச் சேர்த்துக்கொள்ளலாம். 53 பேர் பட்டியலில் சேர்க்காமலேயே ஒரு பருவத்தில் மூன்று முறை வரை அவரை ஆட்டத்துக்கு உயர்த்தலாம். நல்ல இளைஞரை நீக்கும்போது, அவரை வேறு எவரும் கேட்கமாட்டார்கள் என்று அணி நிர்வாகம் பந்தயம் கட்டுகிறது. அந்தப் பந்தயத்தில் தோற்றவர்கள் பலர்.

கேள்வி: ஏழு ரிசீவர்களை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஏழாவது இடம், பருவத்தின் நடுவில் இருவர் காயமடையும்போது தேவைப்படும் ஒரு பிளாக்கருடையதாகவோ கார்னர்பேக்குடையதாகவோ இருக்கும்.

கேள்வி: 2023 பருவத்தில் டோனியை நம்பி சீஃப்ஸ் ஏமாந்தது என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: உங்களோடு நான் உடன்படுகிறேன். முந்தைய சூப்பர் பௌலில் அவர் 65 யார்டுகள் திரும்ப ஓடிய பன்ட், அந்த இறுதி ஆட்டங்களின் வரலாற்றிலேயே மிக நீளமானது. அந்த ஓர் இரவின் ஒளி அணியின் கணிப்பை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். பருவத்தின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டுக்கு எதிராக அவர் கையில் பட்டு நழுவிய பந்து எதிரணியின் டச் டவுனாக மாறியது. சீஃப்ஸ் ஒரே ஒரு புள்ளியில், 21–20 என்று தோற்றது. டிசம்பரில் பஃபலோவுக்கு எதிராக, ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கூட இல்லாத வேளையில், அவர் கோட்டைத் தாண்டி நின்றதால் ஒரு டச் டவுன் ரத்தாகி, அந்த ஆட்டமும் கைநழுவியது. 496 புள்ளிகள் எடுத்த அணி அந்தப் பருவத்தில் 371 மட்டுமே எடுத்தது. முழுப் பழியும் டோனியுடையதல்ல. ஆனால் அனுபவமுள்ள ரிசீவர் ஒருவரை அந்தக் கோடையிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

அக்டோபரில் நிர்வாகம் எடுத்த சிறு முடிவு ஒன்றுதான் அந்தப் பருவத்தை மீட்டது. முன்பு சீஃப்ஸில் ஆடி, நியூயார்க் ஜெட்ஸுக்குப் போய், அங்கே ஒரே ஒரு பந்தைப் பிடித்திருந்த மெகோல் ஹார்ட்மனை மிகக் குறைந்த விலையில் திரும்ப அழைத்தார்கள். அவர் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஜனவரியில் பஃபலோவுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் இரண்டு முறை கையிலிருந்த பந்தை நழுவவிட்டார். இருந்தும் அணி அவரைக் கைவிடவில்லை. ரீடின் உத்திகள் அனைத்தையும் அறிந்தவர் என்பதே அவரிடம் இருந்த பெரிய தகுதி. டோனி அந்த பிளேஆஃப் ஆட்டங்களில் களமிறங்கவே இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான சூப்பர் பௌலின் கூடுதல் நேரத்தில், கடிகாரத்தில் மூன்று விநாடிகள் இருக்கையில், 25–22 என்று வெற்றியை முடித்துவைத்த பந்தைப் பிடித்தவர் ஹார்ட்மன்.