லேப்டாப்புக்கும் வேர்க்கும்
வாசகர் கேள்வி – பதில்

கேரளத்தின் தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: மழையிலும் பயணத்திலும் லேப்டாப்பைக் காப்பது எப்படி? எல்லை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து வாரம் இருமுறை ஏ.சி. காரில் கொல்லம் போகிறேன். ஒரு சொட்டு மழைகூடப் படவில்லை. ஆனாலும் இறங்கியதும் லேப்டாப்பைத் திறந்தால் திரை மங்கலாக இருக்கிறது. டச்பேடும் சில நேரம் வேலை செய்வதில்லை. ஏன்?
– செங்கோட்டை வாசகர்

மழை வேண்டியதில்லை, காற்றே போதும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் எப்படி வேர்க்கிறதோ, அப்படித்தான் உங்கள் லேப்டாப்பும் வேர்க்கிறது. சாரல் காலத்துக் கொல்லத்தில் வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் தண்ணீராகப் படியும். ஏ.சி.யில் இரண்டு மணி நேரம் கிடந்த லேப்டாப்போ 21, 22 டிகிரியில் இருக்கும். திரையில் தெரிவது உங்கள் கண்ணுக்குப் படுகிறது. உள்ளே போர்டின்மேல், அதாவது மின்சுற்றுப் பலகையின்மேல், படிவதுதான் ஆபத்து.

புனலூர் தாண்டியதும் லேப்டாப்பை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் விடக்கூடாது, அதில் போர்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். காருக்குள் இருக்கும்போதே, அங்குள்ள உலர்ந்த காற்றோடு ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் போட்டு மூடுங்கள். இறங்கிய பிறகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் உறையைத் திறக்க வேண்டாம். நீர் படிந்தாலும் உறையின் வெளிப்புறத்தில்தான் படியும். பிறகு உறைமேல் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு, அடிப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லை என்றால் திறக்கலாம்.

ஏற்கெனவே மங்கலாகியிருந்தால் ஆன் செய்யாதீர்கள். மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் திறந்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், அந்தச் சூடு பிளாஸ்டிக்கையும் திரையின் ஓரத்துப் பசையையும் கெடுக்கும். வெளியிலிருந்து ஏ.சி. அறைக்குள் போகும்போது இந்தச் சிக்கல் கிடையாது. மூணாறு குளிரில் இரவெல்லாம் கிடந்ததை அதிகாலையில் அடிமாலிக்கு இறக்கினால் உண்டு.

கேள்வி: வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டுகளில் வாரக்கணக்கில் தங்குகிறேன். செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் நான்கைந்து பையில் போட்டிருக்கிறேன். போதுமா?
– கம்பம் வாசகர்

போதாது. ஒரு கிராம், இரண்டு கிராம் எடையுள்ள அந்தப் பொட்டலங்கள் உங்கள் கைக்கு வரும்போதே ஈரம் குடித்து நிறைந்திருக்கும். 50 கிராம் பொட்டலம் இரண்டு வாங்குங்கள். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சைக் கேளுங்கள், ஈரம் ஏறினால் அது பச்சையாகும். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. நிறம் மாறியதும் 110–120 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள்.

இதெல்லாம் காற்றுப் புகாத உறைக்குள் இருந்தால்தான் பலிக்கும். சாதாரண பையில் போட்டால் அந்தச் சிலிகா பெரியாற்றுக் காற்று முழுவதையும் உலர்த்தப் பார்த்து இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். இன்னொன்று: தினமும் ஒரு மணி நேரமாவது லேப்டாப்பை ஓடவிடுங்கள். அதன் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் மூடிக்கிடப்பதில்தான் பூசணம் பிடிக்கிறது.

கேள்வி: திருவனந்தபுரத்தில் தங்கும் லாட்ஜில் சார்ஜ் போட்டபடி லேப்டாப்பைத் தொட்டால் கை சுருக்கென்கிறது. இடி நேரத்தில், மின்னழுத்தம் எகிறுவதைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றுமா?
– களியக்காவிளை வாசகர்

உலோக உடம்புள்ள லேப்டாப்பை இரண்டு பின் பிளக்கில் போட்டால் அடாப்டரிலிருந்து மிகச் சிறிய கசிவு வரும். தடவினால் அதிர்வது போலிருக்கும். மூன்று பின் பிளக் போட்டால் நிற்க வேண்டும். மூன்று பின்னிலும் நிற்கவில்லை என்றால் அந்த அறையின் எர்த் சரியில்லை, வேறு அறை கேளுங்கள். கையை உதறவைக்கும் அளவு அடித்தால் அது கசிவல்ல, பழுது. லேப்டாப்பைத் தொடாமல் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். அந்தச் சார்ஜரையும் சோதிக்காமல் மறுபடி போட வேண்டாம்.

அருகில் விழும் இடியை ஸ்பைக் பஸ்டர் தாங்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் துலா மழையிலும் (ஐப்பசி வாக்கில் வரும் வடகிழக்குப் பருவமழை) பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வானம் கறுத்தாலே சார்ஜரைக் கழற்றுங்கள். நெட் கேபிளையும் சேர்த்துத்தான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். போன கரண்ட் திரும்பி வந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

கேள்வி: கீபோர்டில் டீ கொட்டிவிட்டால் அரிசி மூட்டையில் வைக்கலாமா?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

வைக்காதீர்கள். அரிசி உள்ளிருக்கும் நீரை இழுப்பதில்லை, மாவுத்தூள்தான் உள்ளே போகும். பைலை சேவ் செய்யக்கூட நிற்காமல் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு திறந்தபடியே கவிழ்த்து, கூடாரம் போல நிறுத்துங்கள். குலுக்க வேண்டாம். அடிமூடியைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

வெறும் தண்ணீர் என்றால் 48 மணி நேரம் உலரவிட்டு, உள்ளே ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு ஆன் செய்யலாம். டீ அப்படியல்ல. பாலும் சர்க்கரையும் போர்டில் ஒட்டிக்கொள்ளும். கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு கழுவித்தான் ஆக வேண்டும். கடல்நீரோ காயல்நீரோ என்றால் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதுதான் செம்புத் தடங்கள் அரிக்கின்றன. ‘ஆன் ஆகிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்ததாலேயே செத்த போர்டுகள் ஏராளம்.

கேள்வி: லேப்டாப்புக்கு எவ்வளவு பெரிய பவர் பேங்க் வாங்கலாம்?
– கூடலூர் வாசகர்

20,000 எம்.ஏ.எச். போதும். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர், இழப்பு போகச் சுமார் 60 கிடைக்கும். 50 வாட்-அவர் லேப்டாப் பேட்டரி ஒருமுறை நிறையும். டைப்-சி பி.டி. (லேப்டாப்புக்கும் போதிய மின்சாரம் தரும் வேகச் சார்ஜ் முறை), 65 வாட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், 22.5 வாட் என்றிருப்பவை போனுக்குத்தான். உங்கள் லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏற்குமா என்பதையும் வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் லேப்டாப்பையோ பவர் பேங்கையோ விட்டுப் போகாதீர்கள். மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். பெரும்பாலான லேப்டாப்புகள் 35 டிகிரி வரை வேலை செய்யத்தான் செய்யப்பட்டவை, சிலவற்றுக்குச் சும்மா இருக்கவும் 45 டிகிரிதான் எல்லை.