14 வயதும் ஒரு டி.சி.யும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். ஆண்டு விழாவுக்கு வந்த எம்.பி., 'பள்ளிக்கு என்ன வேண்டும், எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஸ்மார்ட் போர்டு, சுற்றுச்சுவர், கலையரங்க மேடை மூன்றையும் கேட்கலாம் என்று இருக்கிறோம். மனுவை எப்படி எழுதினால் எடுபடும்? நீங்களும் வட ஆற்காட்டுக்காரர் என்பதால் கேட்கிறேன். செல்போன் வந்த பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறையே இல்லை. ஆங்கில வழி வந்ததால் தரம் கூடியதா, குறைந்ததா என்பதையும் நீங்கள் எழுத வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கையெல்லாம் தூசியோடு வீடு திரும்பியிருந்தேன். இல்லையென்றால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது.

செல்போனை விடுங்கள். எங்கள் காலத்தில் அதற்கு டூரிங் டாக்கீஸ் என்று பெயர். ஆங்கில வழியைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

மேடைக்கு வருகிறேன். என்னய்யா இது? ஒரு எம்.பி. வீட்டு வாசலில் வந்து நின்று என்ன வேண்டும் என்று கேட்கிறார், நீங்கள் மேடை கேட்கிறீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவரே ஏறி நின்று பேசவா?

எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். வேலூர் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 83 லட்சம். அதற்குள்தான் சாலை, தண்ணீர்த் தொட்டி, நிழற்குடை எல்லாம். அதிலும் சம்பளம் மாதிரியான தொடர் செலவுக்கு ஒரு பைசா தரக்கூடாது. ஸ்மார்ட் போர்டு வாங்கலாம், அதன் முன்னால் நிற்கக் கணக்கு வாத்தியார் வாங்க முடியாது. சரி, போர்டாவது அவர் கையில் இருக்கிறதா? பரிந்துரை மட்டும்தான் அவருடையது, செய்து முடிப்பது கலெக்டர் ஆபீஸ். இதற்காக ஓட்டுப் போட்டு ஒருவரை டெல்லிக்கு அனுப்ப வேண்டுமா? சுவர் கட்டக் கவுன்சிலர் போதும். எம்.பி.யை அனுப்பியது சட்டம் செய்ய.

எந்தச் சட்டம் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் பதிவேட்டுக் கதை.

1981இல் என்னோடு எட்டாவது படித்தவன் ஒருவன். ஏழாவதில் ஒரு வருஷம் நின்றவன், அதனால் வயது 14. அவனைப் பெரிய மேதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கில் 38 மார்க். வீட்டில் எல்லோருக்கும் பீடி சுற்றுவதுதான் வேலை. அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றிப்போட, இவன் பீடியின் தலையை மடக்கிக்கொண்டிருப்பான். நாலு நாள் வராவிட்டால் எங்கள் தலைமை ஆசிரியர் சைக்கிளில் அவன் வீட்டுக்கே போய்விடுவார். கத்துவார், கெஞ்சுவார், கேரியரில் உட்காரவைத்துக் கூட்டி வருவார். எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி, எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். கடைசி நாள் எல்லோருக்கும் டி.சி. கொடுத்தார்கள். ஜூனில் நான் பஸ் ஏறினேன், அவன் ஏறவில்லை. அவனைத் தேடி சைக்கிள் எதுவும் வரவில்லை. டி.சி. கொடுத்துவிட்டால் பையன் பழைய பள்ளிக்குச் சொந்தமில்லை. போய்ச் சேராத பள்ளிக்கு அப்படி ஒருவன் இருப்பதே தெரியாது.

44 வருஷம் பீடி சுற்றிவிட்டுப் போன மாதம் வந்தான். பி.எஃப். பென்ஷனுக்குப் போனால், ஆதாரில் பிறந்த வருஷம் தப்பாம். பள்ளிச் சான்று கேட்கிறார்கள், டி.சி.யைக் கரையான் தின்றுவிட்டது. "நீதான் நாலு எழுத்து படிச்சவன், இன்னான்னு கேளுப்பா" என்றான். தேடினோம். தேதி கிடைத்துவிட்டது. அதே வரியில் கடைசிக் கட்டம், பள்ளியை விட்டதற்கான காரணம். நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது: 'மேற்படிப்பு'. அதற்கு மேலே மேற்படிப்பு, கீழே மேற்படிப்பு, பக்கம் முழுக்க மேற்படிப்பு. படித்துக் காட்டினேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது சட்டம். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஓர் உறுப்பினர், இலவசக் கட்டாயக் கல்வி தொடக்கக் கல்வியோடு போதும் என்றார். அம்பேத்கர் ஒப்பவில்லை. 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது என்று வேறொரு பிரிவில் சொல்லியிருக்கிறோம், வேலைக்குப் போகாத பிள்ளை பள்ளியில்தானே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வேலையின் கதவு திறக்கும்வரை பள்ளியின் கதவு மூடக்கூடாது, அவ்வளவுதான். (1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது நம் பாதிக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பெயரை வைத்தோம், வாதத்தை விட்டுவிட்டோம்.) பத்து வருஷத்துக்குள் செய்ய முயல வேண்டும் என்று சாசனத்தில் எழுதியது, கல்வி உரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அதுவும் அதே 14 வயது, எட்டாம் வகுப்பு வரைதான். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கேயும் முழுத் தடை 14 வரைதான். அதற்கு மேல் 18 வரை ஆபத்தான தொழில் என்று பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் தடை. ஆக, ஒன்பதாவது சேர வேண்டிய பிள்ளையை 'பள்ளிக்கு வா' என்று இழுக்கவும் சட்டம் இல்லை, 'வேலைக்கு வராதே' என்று முழுதாகத் தடுக்கவும் சட்டம் இல்லை.

சோற்றிலும் இதே கணக்கு. அவன் நின்று மூன்று வருஷம் கழித்து, 1984இல்தான் சத்துணவு 15 வயது வரைக்கும் வந்தது. இன்றும் 9, 10ஆம் வகுப்புக்குச் சோறு போடுவது நம் மாநிலம். மத்திய அரசின் பங்கு எட்டாவதோடு கையைக் கழுவிவிடுகிறது. புதிய கல்விக் கொள்கைக்காகக் கஸ்தூரிரங்கன் குழு எழுதிய 2019 வரைவில் கல்வி உரிமையை 12ஆம் வகுப்பு வரை நீட்டச் சொல்லியிருந்தார்கள். 2020இல் வந்த கொள்கையில் எல்லோருக்கும் 18 வயது வரை கல்வி என்ற பேச்சு இருக்கிறது, சட்டத்தைத் திருத்துவோம் என்ற வாக்கு காணாமல் போய்விட்டது.

உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் வருஷத்துக்கு 12,000 ரூபாய். நல்லதுதான், தொகையைக் கூட்டச் சொல்லி உங்கள் எம்.பி. கேட்கட்டும். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்கு வாத்தியாரோ, மாமாவோ, மாதா கோயில் ஃபாதரோ யாராவது ஒருவர் கிடைத்துவிடுவார். 38 மார்க் வாங்குகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்குச் சட்டம் ஒன்றுதான் சொந்தக்காரன்.

எம்.பி. தனியாளாக என்ன செய்வார் என்று சொல்லாதீர்கள். 1970க்குப் பிறகு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா, எதுவும் சட்டமாகவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் 2015இல் தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. அப்புறம் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் மேல் ஆயிரம் குறை உண்டு, அது வேறு பேச்சு. மசோதா வேண்டாம், கேள்வியாவது கேட்கலாமே. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976இல் போட்ட வரியை ஜி.எஸ்.டி. வந்த 2017இல் ரத்து செய்தார்கள். பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை எவ்வளவு பேருக்குப் போகிறது, எப்போது போகிறது? குடியாத்தத்து எம்.பி. கேட்காமல் இதைப் பஞ்சாப்காரரா கேட்பார்?

இவ்வளவு தூரம் திட்டியதற்கு மன்னியுங்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இத்தனை வருஷம் கழித்தும் அதற்காக அலைகிறீர்கள், எத்தனை பேர் செய்கிறார்கள்?

மனு எப்படி எழுதுவது என்றுதானே கேட்டீர்கள். ஒரு பக்கம் போதும். சுற்றுச்சுவர் ஒரு வரியில் இருக்கட்டும், பெண் பிள்ளைகள் படிக்கிற இடம். மேடையை அடித்துவிடுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் நடுநிலைப் பள்ளிகள் எத்தனை, நாலா, ஐந்தா? இந்த வருஷம் அங்கே எட்டாவது முடித்து டி.சி. வாங்கியவர்கள் யார் யார், ஒன்பதாவதில் எங்கே சேர்ந்தார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். இப்போது எமிஸ் என்று பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம் இருக்கிறது, அதன் காமன் பூலில், அதாவது டி.சி. வாங்கி இன்னும் எங்கும் சேராதவர்கள் பட்டியலில், யார் நிற்கிறார்கள் என்று ஆசிரியர்களுக்கே தெரியும், கேட்டால் சொல்வார்கள். எங்கேயும் சேராதவர்கள் ஏழு பேர் என்றால், ஏழு என்று மனுவின் முதல் வரியில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.பி. தலைமையில் கலெக்டர் ஆபீஸில் திஷா கூட்டம், அதாவது மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழுவின் கூட்டம், நடக்க வேண்டும். அங்கே அதிகாரிகளுக்கு முன்னால் அவர் அந்த எண்ணைப் படிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

எண்ணை எனக்கும் அனுப்புங்கள். டி.சி.யில் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்பதையும்.