1793 பிலடெல்பியா மஞ்சள் காய்ச்சல்: கேள்வி பதில்

கே: சார், அந்தக் காய்ச்சலில் எத்தனை பேர் இறந்தார்கள்?

ப: ஏறத்தாழ 5,000 பேர். நகரின் மக்கள்தொகையே சுமார் 50,000தான். ஆகஸ்டில் தொடங்கி, நவம்பருக்குள் பத்தில் ஒருவர் போய்விட்டார். அப்போது அமெரிக்காவின் தலைநகரம் அது. வசதியுள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஜனாதிபதி வாஷிங்டனும் செப்டம்பரில் ஊருக்குப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

கே: எதனால் வந்தது என்று அப்போது தெரியுமா?

ப: தெரியாது. துறைமுகத்தில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின் நாற்றம்தான் காரணம் என்றார் புகழ்பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ். ஜனங்கள் வினிகரில் நனைத்த துணியை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பரப்பியது கொசு. நம் வீட்டில் டெங்குவைக் கொண்டுவருகிற அதே ஏடிஸ் கொசுதான். இன்றைய ஹெய்ட்டியில் நடந்த புரட்சிக்குத் தப்பி, அகதிகள் கப்பல் கப்பலாக வந்த ஆண்டு அது. நோயும் அந்தக் கப்பல்களில்தான் வந்திருக்க வேண்டும். கொசுதான் காரணம் என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் சொன்னார். 1900-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு நிரூபித்தது.

கே: ரஷ்ஷின் வைத்தியம் பலித்ததா?

ப: கெடுதல்தான் செய்தது. பாதரச மருந்து கொடுத்து வயிற்றைக் கழுவினார், ரத்தக்குழாயை வெட்டி ரத்தம் எடுத்தார். மனித உடலில் உண்மையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு ரத்தம் இருப்பதாக நம்பியவர் அவர். ஆனால் ஊரைவிட்டு ஓடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

கே: எப்படி நின்றது?

ப: உறைபனி விழுந்தது, கொசு செத்தது. அவ்வளவுதான்.

கே: கறுப்பின மக்களுக்கு இந்த நோய் வராது என்று படித்தேன். உண்மையா?

ப: பொய். ஆனால் ரஷ் அதை நம்பி, நோயாளிகளைக் கவனிக்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் ஆட்களைத் திரட்டினார்கள். சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை இவர்கள்தான் தூக்கிப் புதைத்தார்கள். ஆலனும் நோயில் விழுந்து பிழைத்தார். 1792-இல் நகரில் அடக்கமான கறுப்பினத்தவர் 67 பேர், 1793-இல் 305 பேர். வராது என்றார்களே, இந்தக் கணக்கைப் பாருங்கள்!

கே: அவர்கள் அதிகக் கூலி வாங்கி, திருடவும் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு வந்ததாமே?

ப: மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், சிலர்மீது அப்படி எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794-இல் ஒரு குறுநூல் போட்டுப் பதில் சொன்னார்கள். வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ், செலவு 411 பவுண்டு, கைநஷ்டம் 177 பவுண்டு சொச்சம் என்று சவப்பெட்டிச் செலவு உட்பட எழுதிவைத்தார்கள். படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது அந்தக் கணக்கில் அல்ல. அந்தக் குறுநூலிலேயே ஒரு வயதான கறுப்பினப் பெண் வருகிறார், நோயாளியைக் கவனித்தவர். பிழைத்தெழுந்த நோயாளி, எவ்வளவு கொடுக்கட்டும் என்று கேட்கிறார். "குளிர்காலத்தில் ஒருநாள் சாப்பாடு போடுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.