கிட்டில் நாலு பேர் வேலை செய்யும் பிராஞ்சை (கோடின் தனிக் கிளையை) ரீபேஸ் செய்து, அதாவது அதன் வரலாற்றை மாற்றி எழுதி, சுத்தப்படுத்தலாமா?

செய்யலாம். ஆனால் ஃபோர்ஸ் புஷ் (ரிமோட்டில், அதாவது பொதுச் சர்வரில், இருப்பதை அழித்து நம்முடையதை வைப்பது) செய்வதற்கு முன்னாலேயே மற்ற மூன்று பேருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "ஃபிக்ஸ்", "மறுபடியும் ஃபிக்ஸ்" என்று குவிந்த கமிட்டுகளோடு (சேமித்த மாற்றப் பதிவுகளோடு) மெயின் என்ற முதன்மைக் கிளையில் சேர்க்க மனம் வராதது நியாயம்தான். பின்னாளில் ஒரு வரி ஏன் மாறியது என்று தேடுபவருக்கு அந்த வரலாறுதான் துணை.

கமிட்டின் ஹேஷ் (அதன் அடையாள எண்) கணக்கில் அதன் தாய்க் கமிட்டின், அதாவது அதற்கு முந்தைய கமிட்டின், ஹேஷும் சேர்ந்திருக்கிறது. அதனால் நடுவில் ஒரு செய்தியைத் திருத்தினாலே, அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் புதுக் கமிட்டுகள். தரமணியில் நீங்கள் ஃபோர்ஸ் புஷ் செய்கிறீர்கள். தாம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் அது தெரியாமல் புல் செய்து (ரிமோட்டில் இருப்பதை இறக்கி) தன்னுடையதோடு மெர்ஜ் பண்ணிவிட்டால், பழையதும் புதியதும் சேர்ந்து ஒரே மாற்றம் இரண்டு முறை நிற்கும். அதை அவர் புஷ்ஷும் செய்துவிட்டால் உங்கள் உழைப்பு வீண்.

எங்கள் டீமில் இதைச் சாயங்காலம்தான் செய்வோம். எல்லோரும் கையில் இருப்பதைப் புஷ் செய்துவிட்டுக் கிளம்பிய பிறகு, ஒரே ஒருவர் உட்காருவார். முதலில் பழைய நிலைக்கு ஒரு பேக்கப் பிராஞ்ச். அப்புறம் இன்டராக்டிவ் ரீபேஸ், அதாவது கமிட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது. கமிட்டுகளை ஒழுங்குபடுத்த மட்டும்தான் செய்தோம் என்றால், பேக்கப்புக்கும் புதியதற்கும் டிஃப் (வித்தியாசம்) எடுத்தால் ஒன்றுமே வரக்கூடாது. மெயின் மேல் நகர்த்தியிருந்தால், பழைய கமிட்டுகளையும் புதியவற்றையும் ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் பார்ப்போம்.

புஷ் செய்யும்போது வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள். இடையில் யாராவது புஷ் செய்திருந்தால் அது மறுத்துவிடும். ஆனால் உங்கள் எடிட்டர் தானாக ஃபெட்ச் செய்கிறது (ரிமோட்டின் புதிய நிலையை மெர்ஜ் செய்யாமல் இறக்கிவைக்கிறது) என்றால் அந்தக் காவல் பலிக்காது. அதற்காகத்தான் கிட் 2.30-இல் ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் வந்தது, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். காலையில் மற்றவர்கள் புல் செய்யக்கூடாது. ஃபெட்ச் செய்துவிட்டு, ரிமோட் பிராஞ்சுக்கு ஹார்ட் ரீசெட் செய்ய வேண்டும், அதாவது தங்கள் பிராஞ்சை அப்படியே அதன் நிலைக்கு மாற்ற வேண்டும். புஷ் ஆகாத கமிட் யாரிடமாவது மிச்சம் இருந்தால், ரீசெட்டுக்குப் பதிலாக அதை மட்டும் ரீபேஸ் --ஆன்டோ மூலம் புதிய பிராஞ்சின் மேல் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பேருடைய கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்தால் (ஒன்றாகச் சேர்த்தால்) முதல் கமிட்டை எழுதியவர் பெயர்தான் ஆசிரியராக நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர் ராத்திரி கண்விழித்துப் பிடித்த பிழை சீனியர் பெயரில் போய்விடக்கூடாது. ஒருவருடைய கமிட்டுகளை அவருடைய கமிட்டுகளோடு மட்டும் சேருங்கள். கலந்தே தீர வேண்டும் என்றால் செய்தியின் கடைசியில் கோ-ஆதர்ட்-பை வரியில் அவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.