பதாகையில் மூன்று கோரிக்கைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் போர் எதிர்ப்பு இயக்கங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு நெருடல். அங்கே நடக்கும் ஊர்வலப் படங்களில் ஒரே பதாகையில் ‘போரை நிறுத்து’, ‘அகதிகளை நாடுகடத்தாதே’, ‘போலீஸுக்கு நிதியைக் குறை’ என்று மூன்றும் இருக்கின்றன. போரை வெறுக்கும் ஒருவர் எல்லைக்காவல் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று நினைக்கக்கூடாதா? அவர் அந்த ஊர்வலத்தில் எங்கே நிற்பார்? எல்லாவற்றையும் முடிச்சுப்போட்டு, வருகிறவர்களையும் இவர்களே விரட்டிவிடுகிறார்களோ?

ர.

அன்புள்ள ர.,

இதே கேள்வி மார்ட்டின் லூதர் கிங்கிடமும் கேட்கப்பட்டது. 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைட் தேவாலயத்தில் அவர் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசினார். சிவில் உரிமை இயக்கத்தையும் அமைதி இயக்கத்தையும் கலப்பது பெரிய உத்திப்பிழை என்று அதே மாதத்தில் தீர்மானம் போட்டது என்ஏஏசிபி. கறுப்பின மக்களுக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய அமைப்பு அது; எதிரிகள் இல்லை. கிங் அந்த உரையில் சொன்ன முதல் காரணமே பணக்கணக்குதான். வறுமை ஒழிப்புக்கான காசு போருக்குப் போய்க்கொண்டிருந்தது.

கணக்கை விடுங்கள், ஒரு இரும்புத்தகட்டைப் பாருங்கள். வியட்நாமில் ஹெலிகாப்டர்கள் சேற்றில் புதையாமல் இறங்க, நெளிவுத்தகடுகளை ஒன்றோடொன்று கோத்துத் தரையில் பரப்பினார்கள். போர் முடிந்து தகடுகள் மிஞ்சின. 1990களின் தொடக்கத்தில் அவற்றை நிமிர்த்திவைத்து சான் டியேகோ அருகே மெக்சிகோ எல்லைக்கு வேலி போட்டார்கள், சுமார் 14 மைலுக்கு. நெளிவுகள் கிடைமட்டமாக அமைந்துவிட்டதால் ஏறிக் குதிப்பவர்களுக்கு அதுவே படிக்கட்டு ஆனது. (அரசாங்க வேலை எங்கும் அரசாங்க வேலைதான்.) காவல்துறைக் கதையும் இதேதான். 1997 நிதியாண்டின் பாதுகாப்புச் சட்டத்தில் 1033ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ராணுவத்தில் மிஞ்சியது அதன்வழியே உள்ளூர்ப் போலீஸுக்குப் போகும். ஈராக்கின் கண்ணிவெடிகளுக்காகச் செய்த கவசவண்டிகள் சின்னச்சின்ன ஊர்களுக்கு வந்துசேர்ந்தது அப்படித்தான். வாங்கியதை ஓராண்டுக்குள் பயன்படுத்தியாகவேண்டும் என்று விதி வேறு.

ஆனால் முடிச்சு உண்மையில் இறுகியது 1980களில், உள்நாட்டுப் போர் நடந்த மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில். அந்நாட்டு ராணுவத்துக்கு அமெரிக்கா பணமும் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. ராணுவத்துக்கும் கொலைக்குழுக்களுக்கும் பயந்து ஓடியவர்கள் வடக்கே வந்து தஞ்சம் கேட்டார்கள். 1984இல் அவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூடத் தஞ்சம் கிடைக்கவில்லை. கொடுத்திருந்தால், தன் கூட்டாளி மக்களைக் கொல்கிறான் என்று வாஷிங்டனே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அரிசோனாவின் டூசான் நகரில் சவுத்சைட் பிரெஸ்பிடேரியன் தேவாலயம் இவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த ராணுவத்தின் கொடுமைகளைக் கண்டித்த சால்வடார் பேராயர் ரொமேரோ சுட்டுக்கொல்லப்பட்டு இரண்டாண்டு நிறைந்த 1982 மார்ச் 24 அன்று அதை வெளிப்படையாக அறிவித்தது. அரசு ஒட்டுக்கேட்கும் கருவியோடு ஆட்களைப் பக்தர்கள் மாதிரி உள்ளே அனுப்பியது. 1986இல் அகதிகளுக்கு உதவிய எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. போர், குடியேற்றம், போலீஸ் என்று நீங்கள் எண்ணிய மூன்றும் அந்த ஒரு கூடத்துக்குள் இருந்தன. யாரும் முடிச்சுப் போடவில்லை.

உங்கள் குறையில் பாதி எனக்கும் உண்டு. இந்தக் கதையைச் சொல்லாமல் மூன்று கோஷத்தை மட்டும் எழுதிப் பிடித்தால், வெளியே நிற்பவருக்கு அது வெறும் பட்டியல். 1989 நவம்பரில் சான் சால்வடாரில் ஆறு ஜெஸுயிட் பாதிரியார்களும் அவர்களது சமையல்காரப் பெண்ணும் அவர் மகளும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையில் பெயர் அடிபட்ட 26 பேரில் 19 பேர், லத்தீன் அமெரிக்க ராணுவத்தினருக்கு அமெரிக்கா பயிற்சி கொடுத்த, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமில் இருந்த ‘ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்’ ராணுவப் பள்ளியில் பயின்றவர்கள். அந்த முகாமின் வாசலில் ஒவ்வொரு நவம்பரும் மக்கள் கூடினார்கள். கோரிக்கை ஒன்றுதான், பள்ளியை மூடு. மேடையில் இறந்தவரின் பெயரைப் பாடுவார்கள். கூட்டம் வெள்ளைச் சிலுவையை உயர்த்தி ‘ப்ரெசென்ட்டே’ என்று சொல்லும். இங்கே இருக்கிறார் என்று பொருள்.

2016இல் அந்தக் கூட்டம் வாசலை விட்டு, அரிசோனாவை ஒட்டி மெக்சிகோ எல்லையில் இருக்கும் நோகாலெஸின் எல்லைவேலிக்குப் போனது. பெயர்கள் வேலியின் இரு பக்கமும் ஒலித்தன. எல்லை கண்டிப்பாக இருக்கட்டும் என்று நினைப்பதாக நீங்கள் சொன்னவர் அப்படியொரு கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். வேலியைப் பற்றிப் பக்கத்தில் நிற்பவரோடு சண்டை போடட்டும். சிலுவையை மட்டும் கீழே வைக்காமல் இருந்தால் போதும்.